பழைய வேகன்-ஆர் வாங்கி 20 மாதம், 24,000 கிலோமீட்டர்: ஒரு வரவு செலவு

முதலில் விலையைச் சொல்லிவிடுகிறேன், எல்லாரும் கடைசியில் தேடிப் போவது அதைத்தான். 2016 ஏப்ரல் மாத மாருதி வேகன்-ஆர் விஎக்ஸ்ஐ, பெட்ரோல், சிங்கிள் ஓனர், 47,000 கிலோமீட்டர் ஓடியது, பொள்ளாச்சிப் பதிவு, 3,35,000 ரூபாய். 2024 மார்ச்சில் கொடுத்த பணம் இது. ஆனால் வண்டி எனக்கு விழுந்த விலை இது இல்லை. அந்தக் கணக்கு கீழே வருகிறது, அதற்காகத்தான் இதை எழுதவே உட்கார்ந்தேன்.

புது வண்டி ஏன் வாங்கவில்லை என்று கேட்பவர்களுக்கு: புது வேகன்-ஆர் விஎக்ஸ்ஐ அன்றைக்குக் கோவையில் ஆன்ரோடு ஏழு லட்சத்தைத் தாண்டியது. 2023 நவம்பரில் தமிழ்நாட்டில் ஆயுள் வரியை வேறு ஏற்றிவிட்டார்கள், ஐந்து லட்சத்துக்கு மேல் பத்து லட்சத்துக்குள் இருக்கும் காருக்கு 13 சதவீதம். பழைய வண்டியில் அந்த வரியை முதல் ஓனர் எப்போதோ கட்டிவிட்டார், நாம் சும்மா அனுபவிக்கிறோம். என் கையில் இருந்தது நான்கு லட்சம். கடன் வாங்கக்கூடாது என்பது மனைவியின் ஒரே நிபந்தனை. அப்பாவுக்கு முழங்கால் வலி, குனிந்து ஏறும் வண்டி ஆகாது. நாற்காலியில் உட்காருகிற மாதிரி ஏறி உட்கார வேண்டும் என்றால் அந்தப் பணத்துக்கு வேகன்-ஆரை விட்டால் வேறு எதுவும் எனக்குத் தோன்றவில்லை. சான்ட்ரோ கூடப் பார்த்திருக்கலாம்தான், கண்ணில் நல்லதாக ஒன்றும் படவில்லை.

ஆனால் நான் முதலில் போனது வேகன்-ஆர் பார்க்க இல்லை. ஆசை யாரை விட்டது. கார் கன்சல்டிங் (பழைய கார் விற்கும் கடை) ஒன்றில் 2018 மாடல் ஸ்விஃப்ட், வெள்ளை, சென்னைப் பதிவு, விலை மார்க்கெட்டை விட எழுபதாயிரம் குறைவு. "பார்ட்டி வண்டிங்ணா, டாக்டர் வீட்டு வண்டி, வாரத்துக்கு ஒருக்கா எடுப்பாங்க" என்றார் அங்கே இருந்தவர். தமிழ்நாட்டில் விற்பனைக்கு வரும் பழைய கார்களில் பாதியை டாக்டர்களும் மீதியை ரிட்டயர்டு பேங்க் மேனேஜர்களும்தான் ஓட்டியிருக்கிறார்கள் போல. வண்டி பளபளவென்று இருந்தது. உள்ளே மல்லிகை வாசனை சென்ட், அது மட்டும் கொஞ்சம் தூக்கல்.

நல்லவேளையாக எங்கள் தெரு மெக்கானிக் அண்ணனைக் கூட்டிப் போயிருந்தேன். அவர் பானெட்டைத் திறக்கவே இல்லை. முன்சீட்டு பெல்ட்டைப் பிடித்து உள்ளே இருப்பது முழுக்க வெளியே வரும் வரை இழுத்தார். மேலே இருக்கும் நாடா சுத்தமாக இருந்தது. உள்ளே சுருண்டு கிடந்த கடைசி ஒரு சாண் நாடாவில் மங்கலாகப் பழுப்புக் கோடு. அப்புறம் சீட்டுக்கு அடியில் கையை விட்டு, சீட் முன்பின் நகரும் தண்டவாளத்தைத் தடவினார், விரலில் துரு. டிக்கியில் ஸ்டெப்னியைத் தூக்கினால் அதன் குழியில் நைஸான மணல், காய்ந்து மாவு மாதிரி. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் சென்னை மூழ்கி அப்போது மூன்று மாதம்கூட ஆகியிருக்கவில்லை. அண்ணன் அவர்கள் காதில் விழாமல் "தண்ணி போன வண்டி தம்பி, கிளம்பு" என்றார். நான் கேட்டேன், இஞ்சின் நன்றாகத்தானே ஓடுகிறது என்று. இஞ்சினைக் கழற்றிக் கழுவி மாட்டிவிடலாம், வயரிங்கைக் கழுவ முடியாது என்றார். கார்பெட்டுக்கு அடியில் ஓடும் வயர்க் கட்டில் கனெக்டர்கள் உள்ளுக்குள் பச்சை பூத்து, ஆறு மாதம் ஒரு வருடம் கழித்து இன்றைக்கு பவர் விண்டோ, நாளைக்கு ஸ்டார்ட்டிங், மறுநாள் ஏர்பேக் விளக்கு என்று ஒவ்வொன்றாக ஆரம்பிக்குமாம். எந்த மெக்கானிக்காலும் சட்டென்று பிடிக்க முடியாத கோளாறு அதுதான் என்றார்.

வெள்ளத்தில் மூழ்கிய வண்டி சென்னையிலேயே விற்காது, அதனால்தான் கோவைக்கும் சேலத்துக்கும் வருகிறது. அந்த டிசம்பரில் தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கமும் வெள்ளம் வந்ததை மறக்க வேண்டாம். அந்த ஊர்ப் பதிவு எண் எல்லாமே சந்தேகம் என்று சொல்லவில்லை, ஆனால் பெல்ட்டை இழுத்துப் பார்க்க ஒரு நிமிடம்தானே ஆகும்.

இரண்டாவதாகப் பார்த்தது செல்போன் ஆப் வழியாக விற்கும் ஒரு கம்பெனி வண்டி. இதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. நூற்றுக்கும் மேற்பட்ட இடங்களைப் பரிசோதித்ததாக அழகான ரிப்போர்ட், எல்லாவற்றுக்கும் பச்சை டிக், மீட்டரில் 41,000. ஆனால் கிளட்ச் பெடல் ரப்பர் வழவழவென்று தேய்ந்து ஓரத்தில் இரும்பு தெரிகிறது, ஸ்டியரிங் தோல் உரிந்திருக்கிறது, டிரைவர் சீட் வலது ஓரம் அமுங்கிக் கிடக்கிறது. மாருதி வண்டிக்கு ஒரு வசதி, கம்பெனி சர்வீஸ் செய்திருந்தால் எந்த ஊரில் விட்டிருந்தாலும் கணினியில் பதிவு இருக்கும். தெரிந்த சர்வீஸ் அட்வைசரிடம் பதிவு எண்ணைக் கொடுத்தேன் (சில இடங்களில் ஓனர் சம்மதம் கேட்பார்கள், அது நியாயமும்கூட). இரண்டு வருடத்துக்கு முந்தைய சர்வீஸிலேயே 78,000 என்று இருந்தது. மீட்டரைத் திருகியது அந்தக் கம்பெனியா, அவர்களுக்கு விற்றவரா, எனக்குத் தெரியாது. கேட்டபோது "எங்களிடம் வந்தபோதே இப்படித்தான் இருந்தது" என்றார்கள், முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள், அதில் குறை சொல்ல மாட்டேன். ரிப்போர்ட்டை நம்பி வீட்டில் இருந்தபடியே வண்டியை வரவழைக்கிறவர்களை நினைத்தால்தான் கொஞ்சம் பயமாக இருக்கிறது.

மூன்றாவதுதான் பொள்ளாச்சி. அலுவலக நண்பரின் சித்தப்பா வழியாகத் தெரியவந்தது. ஓனர் ஓய்வுபெற்ற ஆசிரியர் (ஆமாம், இந்த முறை நிஜமாகவே ரிட்டயர்டு ஆள்). போவதற்கு முதல் நாளே போனில் ஒன்று கேட்டுக்கொண்டேன், "சார், நாங்க வர்ற வரைக்கும் வண்டியை ஸ்டார்ட் பண்ண வேண்டாம்." இது அண்ணன் சொல்லிக் கொடுத்தது. சூடான இஞ்சின் நிறைய பொய் சொல்லும், காலையில் முதல் ஸ்டார்ட்டில் எல்லாம் தெரிந்துவிடும். போனதும் அண்ணன் பானெட்டில் கை வைத்துப் பார்த்தார், ஜில்லென்று இருந்தது. ஒரே அடியில் ஸ்டார்ட் ஆனது, சைலன்ஸரில் நீலப் புகை இல்லை. ஓடும்போதே ஆயில் மூடியைத் திறந்து அதன் மேலேயே கவிழ்த்து வைத்தார், மூடி துள்ளவில்லை, அதாவது பேக் கம்ப்ரஷன் (தேய்ந்த இஞ்சினில் வாயு பின்பக்கமாகக் கசிவது) இல்லை. மூடிக்கு உள்பக்கம் தயிர் மாதிரி வெள்ளையாக எதுவும் ஒட்டவில்லை, அதனால் ஆயிலில் தண்ணீர் கலக்கவில்லை. இந்த 998 சிசி மூன்று சிலிண்டர் கே10பி இஞ்சினில் டைமிங் பெல்ட் கிடையாது, செயின்தான், குறிப்பிட்ட கிலோமீட்டரில் மாற்றியே தீர வேண்டும் என்ற செலவு இல்லை. ஆயிலை ஒழுங்காக மாற்றியிருந்தால் லட்சங்களைத் தாண்டி ஓடும். ஆயில் மாற்றாமல் ஓட்டியிருந்தால் ஸ்டார்ட் ஆனதும் செயின் பக்கம் சலசலவென்று கேட்கும். இதில் கேட்கவில்லை.

பாடியைப் பார்ப்பதில் அவர் எடுத்துக்கொண்ட நேரம்தான் எனக்கு ஆச்சரியம். கதவு ஓர ரப்பரைப் பிடுங்கி உள்ளே பில்லரில் ஸ்பாட் வெல்டிங் குழிகள் வரிசையாக வட்டமாக இருக்கின்றனவா என்று விரலால் எண்ணினார். கம்பெனி ரோபோ வைத்த புள்ளி சீராக இருக்கும், டிங்கரிங் செய்தவர் வைத்தது கோணல் மாணலாக இருக்கும், அல்லது பட்டி வைத்து மூடி இருக்கும். பானெட் கீல் போல்ட்டுகளில் பெயிண்ட் உடையவில்லை என்றால் பானெட்டைக் கழற்றியதே இல்லை என்று அர்த்தம். ரேடியேட்டர் மேலே இருக்கும் குறுக்குச் சட்டம், இரண்டு பக்க அப்ரான் (பானெட்டுக்கு உள்ளே இருக்கும் பக்கத் தகடு), டிக்கித் தரை, இவை நேராக இருந்தால் வண்டி பெரிய அடி வாங்கவில்லை. ஃப்ரிட்ஜில் ஒட்டும் பொம்மைக் காந்தம் ஒன்றை வைத்து நான்கு பக்கமும் ஒட்டிப் பார்த்தார் (பம்பரில் ஒட்டாது, அது பிளாஸ்டிக், நான் அங்கே போய் ஒட்டிப் பார்த்துப் பதறியது வேறு கதை). இடது பின் கதவில் மட்டும் காந்தம் மெதுவாக நழுவியது. ஆசிரியர் தானாகவே சொன்னார், "அது கேட்டுல இடிச்சது தம்பி, பேத்தி ஓட்டிப் பழகறப்ப." கண்ணாடிகள் எல்லாம் ஒரே கம்பெனி முத்திரை, ஒரே வருடக் குறி. ஒரு கண்ணாடி மட்டும் வேறு வருடமாக இருந்தால் அந்தப் பக்கம் என்ன நடந்தது என்று கேட்க வேண்டும்.

டயர்களில் பட்டன் நன்றாக இருந்தது, நான் சந்தோஷப்பட்டேன். அண்ணன் குனிந்து பக்கவாட்டில் அச்சடித்த நான்கு இலக்கத்தைக் காட்டினார், 0916. 2016-ம் வருடத்தின் ஒன்பதாவது வாரம் தயாரானது என்று அர்த்தம். எட்டு வருட ரப்பர். பட்டன் இருக்கிறது, உயிர் இல்லை, ஓரமெல்லாம் வெடிப்பு. இந்த ஒரு விஷயத்தில் மட்டும் விலையில் பன்னிரண்டாயிரம் குறைத்தோம்.

ஓட்டிப் பார்க்க ஆழியாறு சாலையில் போனோம். முதல் ஐந்து கிலோமீட்டர் ரேடியோ அணைத்து, கண்ணாடி ஏற்றி, ஏசி கூட அணைத்து, மோசமான இடமாகப் பார்த்து மெதுவாக ஓட்டச் சொன்னார். முன்பக்கம் இடதில் 'டொக் டொக்' என்று கேட்டது. லோயர் ஆர்ம் புஷ், அதாவது முன்சக்கரத்தைத் தாங்கும் கையில் இருக்கும் ரப்பர், போயிருக்கிறது என்றார். நின்ற இடத்தில் ஹேண்ட் பிரேக் போட்டு மூன்றாவது கியரில் கிளட்சை விட்டால் இஞ்சின் உடனே நின்றுவிட வேண்டும், நிற்காமல் உறுமிக்கொண்டே இருந்தால் கிளட்ச் பிளேட் போய்விட்டது. இதில் நின்றது. காலி சாலையில் பிரேக் அழுத்தினால் ஒரு பக்கம் இழுக்கவில்லை. ஏசி மட்டும் ஓடும்போது நன்றாகக் குளிர்ந்து, நின்றால் சோர்ந்து போனது. கேஸ் குறைவாக இருக்கும் என்று ஓனர் நினைத்திருந்தார், அண்ணன் கூலிங் காயில் கசிவாக இருக்கலாம் என்றார், அதுதான் சரியாகவும் போனது.

கேட்ட விலை 3,70,000. டயர், புஷ், ஏசி மூன்றையும் வைத்துப் பேசி 3,35,000-க்கு முடிந்தது. பேரம் பேசும்போது "மார்க்கெட் ரேட் இவ்வளவுதான்" என்று பொதுவாகப் பேசினால் யாரும் இறங்க மாட்டார்கள், மனசும் கசந்துவிடும். இந்தப் பொருள் போயிருக்கிறது, மாற்ற இவ்வளவு ஆகும் என்று சொன்னால் ஆசிரியரே காகிதம் எடுத்துக் கூட்டிப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். அண்ணனுக்கு அன்றைய கூலி 1,500 கொடுத்தேன், வாங்க மாட்டேன் என்று அடம்பிடித்தார்.

இது வரை படித்தால் நான் பெரிய புத்திசாலி மாதிரி தெரியும். இனிமேல்தான் கதை.

இரும்பை அத்தனை நேரம் பார்த்த நான் காகிதத்தைப் பத்து நிமிடம் பார்த்தேன். வண்டிப் பதிவு விவரம் காட்டும் அரசின் எம்பரிவாகன் ஆப்பில் எண்ணைத் தட்டினேன், ஓனர் பெயர் சரி, இன்ஷூரன்ஸ் உயிரோடு இருக்கிறது, பொல்யூஷன் சர்டிபிகேட் இருக்கிறது, அபராதம் பாக்கி இல்லை. ஃபைனான்ஸ் இடத்தில் ஒரு வங்கியின் பெயர் இருந்தது. கேட்டேன். 2019-லேயே கடன் முடிந்துவிட்டது என்று ஆசிரியர் வங்கி கொடுத்த கடிதத்தை எடுத்துக் காட்டினார். முத்திரை, கையெழுத்து எல்லாம் சரியாக இருந்தது. சரி என்று முழுப் பணத்தையும் அனுப்பிவிட்டு வண்டியை ஓட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

கடன் முடிவது வேறு, ஆர்.சி.யில் ஹெச்.பி. (வண்டி மேல் வங்கிக்கு இருக்கும் கடன் பதிவு) கேன்சல் ஆவது வேறு. வங்கி கொடுக்கும் என்.ஓ.சி.யையும் (ஆட்சேபணை இல்லை என்ற கடிதம்) படிவம் 35-ஐயும் கொண்டுபோய் ஆர்டிஓ ஆபீஸில் கொடுத்து வங்கியின் பெயரை எடுத்தால்தான் வண்டி முழுசாக ஓனருடையது. அந்தக் கடிதத்துக்கு மூன்று மாதம்தான் ஆயுள் என்று போட்டிருக்கும், எங்கள் கடிதத்திலும் கீழே சின்ன எழுத்தில் போட்டிருந்தது, நான்தான் படிக்கவில்லை. ஐந்து வருடம் பழசான கடிதம் செல்லாது, புதிதாக வாங்கி வா என்றார்கள். வங்கிக்குப் போனால் அந்த வங்கியே இப்போது இல்லை, இன்னொரு வங்கியோடு இணைந்துவிட்டது. பழைய கடன் கணக்கு எண் புது கணினியில் வரவில்லை. கிளையில் கேட்டால் மண்டல அலுவலகம், அங்கே கேட்டால் கடன் கொடுத்த கிளை. ஆசிரியர் எழுபது வயதை நெருங்குகிறவர், நான் விடுப்பு எடுத்து அவரைக் கூட்டிக்கொண்டு நான்கு முறை அலைந்தேன். இதற்கு நடுவில் ஓடிபி கூத்து. இணையத்தில் விண்ணப்பித்தால் ஆர்.சி.யோடு இணைத்த செல் எண்ணுக்கு ஓடிபி போகிறது, அந்த எண் யாருடையது என்று பார்த்தால் 2016-ல் வண்டி விற்ற ஷோரூம் பையனுடையது! அதை மாற்ற ஒரு தனி விண்ணப்பம்.

எல்லாம் முடிந்து என் பெயரில் ஆர்.சி. வர ஏழு வாரம் ஆனது. பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. விற்றவர் 14 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும், வாங்கியவர் 30 நாளுக்குள் என்பது சட்டம், நாங்கள் இரண்டையும் தாண்டிவிட்டோம். அரசுக் கட்டணம் என்று பார்த்தால் காருக்குச் சில நூறு ரூபாய்தான், புரோக்கரோடு சேர்த்து எனக்கு எல்லாமாக 4,000 போனது. அந்த ஏழு வாரமும் ஆசிரியர் என்னை விட அதிகமாகப் பயந்தார், அதுவும் நியாயம்தான். விபத்து நஷ்ட ஈடு வழக்கு ஒன்றில் 2018-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது, வண்டியை விற்று எத்தனை கை மாறியிருந்தாலும் பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் பொறுப்பு என்று. நான் யாரையாவது இடித்திருந்தால் நோட்டீஸ் பொள்ளாச்சிக்குப் போயிருக்கும். அவர் நல்ல மனிதர், கூப்பிட்டபோதெல்லாம் வந்தார், அதனால் தப்பித்தேன். பணம் வாங்கியதும் போனை எடுக்காத ஆளாக இருந்திருந்தால் இன்றைக்கும் வேறொருவர் வண்டியைத்தான் ஓட்டிக்கொண்டிருப்பேன். இதில் என் சாமர்த்தியம் எதுவும் இல்லை. இப்போது யார் கேட்டாலும் சொல்வது, ஹெச்.பி. கேன்சல் ஆகி ஆப்பில் வங்கிப் பெயர் மறையும் வரை ஒரு முப்பதாயிரமாவது கையில் நிறுத்தி வையுங்கள், எழுதி வாங்கிக்கொண்டு. நேர்மையான ஆள் அதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார்.

பாண்டிச்சேரி எண் மலிவு, கேரளா எண் மலிவு என்பவர்களுக்கும் இதே பதில். வேறு மாநில வண்டி என்றால் அங்கே படிவம் 28-ல் என்.ஓ.சி. வாங்கி, இங்கே வரி கட்டி, புது எண் வாங்க வேண்டும். மலிவின் பெரும்பகுதி அதிலேயே கரைந்துவிடும்.

இன்ஷூரன்ஸிலும் ஒரு சின்ன அடி. ஓனருக்கு 50 சதவீதம் நோ கிளெய்ம் போனஸ் (கிளெய்ம் கேட்காதவருக்குப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி) இருந்தது, வண்டியோடு எனக்கு வரும் என்று நினைத்திருந்தேன். வராது. போனஸ் மனிதருடையது, வண்டியுடையது இல்லை. 14 நாளுக்குள் பாலிசியை நம் பெயருக்கு மாற்ற வேண்டும், மாற்றாவிட்டால் தேர்டு பார்ட்டி தொடரும், ஆனால் நம் வண்டிக்கு அடிபட்டால் கிளெய்ம் கிடைக்காது. பழைய பாலிசி முடிய இரண்டு வாரம்தான் இருந்ததால் நான் புதிதாகவே ஃபர்ஸ்ட் பார்ட்டி எடுத்துவிட்டேன், 9,800.

முதல் ஆறு மாதச் செலவு இதோ. நான்கு டயர் 15,200. கூலிங் காயில், கேஸ், டேஷ்போர்டைக் கழற்றி மாட்டிய கூலி எல்லாம் 9,500. லோயர் ஆர்ம் புஷ் இரண்டு பக்கமும், கூடவே சில்லறை வேலை, 4,800. இஞ்சின் ஆயில், கூலன்ட், பிரேக் ஆயில், கியர் ஆயில், ஃபில்டர், பிளக் என்று மொத்தமாக ஒரு சர்வீஸ் 5,600. பேட்டரி ஜூன் மாதம் ஒரு காலை திடீரென்று படுத்துவிட்டது, 4,300. இன்ஷூரன்ஸ், ஆர்.சி. செலவு, அண்ணன் கூலி மேலே சொன்னது. கூட்டினால் 54,700. ஆக 3,35,000-க்கு வாங்கிய வண்டி 3,89,700-க்கு நின்றது. நான்கு லட்சம் பட்ஜெட் வைத்துக்கொண்டு நான்கு லட்சத்துக்கே வண்டி பார்த்திருந்தால் எட்டு வருட டயரிலேயே இரண்டு வருடம் ஓட்டியிருப்பேன், நிறைய பேர் அப்படித்தான் ஓட்டுகிறார்கள். பட்ஜெட்டில் ஏழில் ஒரு பங்கை வண்டி வாங்கிய பிறகு செலவழிக்க எடுத்து வைத்துவிட்டு மீதிக்குள் தேடுவது நல்லது.

சரி, வண்டி எப்படி? ஊருக்குள் இதை அடிக்க ஆள் இல்லை. அகலம் 1.5 மீட்டருக்கும் குறைவு, உக்கடம் மார்க்கெட் பக்கம், டவுன்ஹால் சந்துகளில் பைக் போகிற இடத்துக்குப் பக்கத்தில் போகலாம். அப்பா கையைப் பிடிக்காமல் ஏறுகிறார், இறங்குகிறார், அதற்கே கொடுத்த காசு சரியாகிவிட்டது. முன்சீட்டுக்கு அடியில் இருக்கும் இழுப்பறை பெட்டியை அம்மா முறுக்கு டப்பா வைக்கும் இடமாக ஆக்கிவிட்டார். மைலேஜ் ஏசியோடு சிட்டியில் 14, சேலம் பைபாஸில் 80-லேயே பிடித்தால் 19. கம்பெனி சொன்னது 20.51, அதை நான் ஒரு நாளும் பார்க்கவில்லை. ஸ்பேர் எந்த ஊரிலும் கிடைக்கிறது, உடுமலையில் ஞாயிற்றுக்கிழமை மதியம் ஃபேன் பெல்ட் வாங்கியிருக்கிறேன்.

குறை இல்லாமல் இல்லை. அகலம் குறைவு என்பது பின்சீட்டில் தெரியும், மூன்று பெரியவர்கள் உட்கார்ந்தால் நடுவில் இருப்பவர் பொள்ளாச்சி வருவதற்குள் பேச்சை நிறுத்திவிடுவார். டிக்கி 180 லிட்டர்தான், ஒரு பெரிய பெட்டி வைத்தால் முடிந்தது. (2019-ல் வந்த புது வடிவத்தில் இது 341, பணம் இருந்தால் அதையே பாருங்கள்.) சிக்னலில் ஏசி போட்டு நின்றால் மூன்று சிலிண்டர் அதிர்வு ஸ்டியரிங்கில் வருகிறது, அது கோளாறு இல்லை, பிறவிக் குணம். ஹெட்லைட் சுமார், கண்ணாடி மஞ்சளாகியிருந்ததைத் தேய்த்துப் பாலிஷ் போட்டும் சுமார்தான்.

எனக்கு நிஜமாகவே பயம் வந்த இடம் பாலக்காட்டுக் கணவாய். ஆடி மாதம் மதுக்கரை தாண்டி வாளையார் போகும் சாலையில் மேற்குக் காற்று அடிக்கும்போது இந்த வண்டி ஆடும் ஆட்டம் இருக்கிறதே. உயரமான உடம்பு, எடை குறைவு, லாரியை ஓவர்டேக் செய்து அதன் மறைவிலிருந்து வெளியே வந்ததும் யாரோ தோளைப் பிடித்துத் தள்ளுகிற மாதிரி ஒரு பக்கமாக நகரும். 80-க்கு மேல் போவதை அங்கே விட்டுவிட்டேன். புது டயர் போட்டதும் கொஞ்சம் குறைந்தது, முழுசாகப் போகவில்லை. பாலக்காடு, திருச்சூர் என்று மாதம் நான்கு முறை போகிறவர் இதை வாங்க வேண்டாம், கனமான வண்டியாகப் பார்க்கலாம்.

பாதுகாப்பைப் பற்றி ஒளிக்காமல் சொல்ல வேண்டும். என் வண்டியில் ஏபிஎஸ் (பிரேக் பூட்டிக்கொள்ளாமல் தடுப்பது) இல்லை, ஏர்பேக் இல்லை. அந்தக் காலத்தில் அவை ஆப்ஷன், கூடப் பணம் கொடுத்தவர்களுக்கு மட்டும். புதுக் கார்களுக்கு ஏபிஎஸ் கட்டாயமானது 2019 ஏப்ரலில், டிரைவர் ஏர்பேக் அதே வருடம் ஜூலையில். இதே வேகன்-ஆரில் விஎக்ஸ்ஐ ஆப்ஷன் வகை தேடினால் கிடைக்கும், இருபது முப்பதாயிரம் அதிகம் கேட்பார்கள். நான் அவசரப்பட்டேன், தேடவில்லை. மழையில் ஒரு முறை சுங்கம் பக்கம் பிரேக் பூட்டிக்கொண்டு வழுக்கியபோது அந்த முப்பதாயிரம் ஞாபகம் வந்தது. திரும்ப வாங்குவதாக இருந்தால் இந்த ஒன்றில் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

இருபது மாதத்தில் வழியில் ஒரு முறையும் நிற்கவில்லை. அந்த பேட்டரி கூட வீட்டு வாசலிலேயே படுத்தது, அவ்வளவு மரியாதை. இரண்டு சாதாரண சர்வீஸ், அந்த ஃபேன் பெல்ட், ஒரு வைப்பர் பிளேடு, முன் பிரேக் பேட், அவ்வளவுதான் மேற்கொண்டு செலவு.

இப்போது வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு விஷயம் சாதகமாக இருக்கிறது. சின்ன பெட்ரோல் கார்களுக்கு 28 சதவீதமாக இருந்த ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 18 ஆகிவிட்டது, புது வண்டி விலை நன்றாகவே இறங்கியது. புதுசு இறங்கினால் பழசும் இறங்கித்தான் ஆக வேண்டும், ஆனால் பல கன்சல்டிங்குகளில் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் விலை இன்னும் பழைய கணக்கிலேயே இருக்கிறது. புது வண்டியின் இன்றைய ஆன்ரோடு விலையைச் செல்போனில் எடுத்து வைத்துக்கொண்டு பேசுங்கள். பதிவு 15 வருடம் என்பதையும் கணக்கில் வையுங்கள், 2016 வண்டி 2031 வரை ஓடும், அதற்கப்புறம் ஐந்து வருடத்துக்கு ஒரு முறை எஃப்சி (தகுதிச் சான்று) எடுத்துப் புதுப்பிக்க வேண்டும், அந்தக் கட்டணத்தை 2022 ஏப்ரலிலேயே 5,000 ஆக்கிவிட்டார்கள்.

இதே வண்டி, இதே நிலையில், இன்றைக்கு என் முன்னால் வந்து நின்றால் 2,80,000-க்கு மேல் பேச மாட்டேன். ஆப்பில் வங்கிப் பெயர் இருந்தால் அந்த விலைக்கும் பேச மாட்டேன், முதலில் அதை எடுத்துவிட்டு வாங்க சார் என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவேன்.